ஒரு சாம்பிள் கேட்டேன், லாட்டே வந்துவிட்டது

முருகன் துணை

திருப்பூர்,
15-6-1969, ஞாயிற்றுக்கிழமை.

பம்பாய் மாநகரில் பெரிய மெஷின் கம்பெனியில் இன்ஜினியர் உத்தியோகம் பார்க்கும் சிரஞ்சீவி பேரன் குமாரவேல், பி.இ., அவர்களுக்கு, உன் அப்பாயி குப்பாயி, இப்போதுதான் முருகனைக் கும்பிட்டுத் திருநீறு எடுத்த கையால், நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று வாழ்த்தி எழுதிக்கொள்வது. கடிதத்தின் முதல் வரியில் எல்லாரும் சுகம் என்று எழுத வேண்டும் என்று அஞ்சாம் வகுப்பு வாத்தியார் சொல்லிக் கொடுத்தார். அதற்குமேல் அவரும் சொல்லித் தரவில்லை, நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆகையால் இங்கே எல்லாரும் சுகம். அது பொய் என்பதைக் கொஞ்சம் பின்னால் எழுதுகிறேன். நல்ல சேதிகளை முதலில் எழுதிவிட்டால் அழுகையில் மறந்துபோகாது.

உன் அத்தை மகள் பழனியம்மாள் டைப்ரைட்டிங் லோயர் பரீட்சையில் முதல் வகுப்பில் பாஸ் செய்துவிட்டாள். இப்போது மளிகைப் பட்டியலைக்கூட டைப் அடித்து, ஒரு காப்பியைக் கடைக்கும் ஒரு காப்பியை எனக்கும் கொடுத்துக் கையெழுத்து வாங்குகிறாள். உன் சித்தப்பன் மகன் வெள்ளியங்கிரி லாரி ஓட்ட லைசென்ஸ் வாங்கிவிட்டான். லாரிதான் இன்னும் யாரும் கொடுக்கவில்லை. அவன் தம்பி கருப்புசாமி பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் இரண்டாம் பரிசாக எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்திருக்கிறான். ஓடியது இரண்டே பேர் என்று பக்கத்து வீட்டு மருதம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். திரியட்டும். இரண்டாம் பரிசு என்றுதான் டம்ளரில் வெட்டியிருக்கிறதே ஒழிய எத்தனை பேர் ஓடினார்கள் என்று வெட்டவில்லை. உன் தம்பி மயில்சாமி பி.யூ.சி. பாஸ் செய்துவிட்டான், இரண்டாம் வகுப்பு. எல்லாருக்கும் மேலாக நீ. நீ கறுப்புக் கவுன் போட்டுக்கொண்டு சுருட்டிய காகிதத்தைக் கையில் பிடித்திருக்கும் போட்டோவை நம் பனியன் கம்பெனியில், என் வீட்டுக்காரர், உன் அப்பாரு படத்துக்குப் பக்கத்தில், நான் உட்கார்ந்து பீஸ் பீஸாகக் குறை பார்க்கும் மேசைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். சரக்கு எடுக்கப் புதிதாக எந்தப் பார்ட்டி வந்தாலும் முதலில் மோர், அடுத்தது உன் போட்டோ, அதற்குப் பிறகுதான் பனியன் காட்டுவது.

போன கடிதத்தில் எண்பத்தைந்து சைஸ் அதிகம் போகிறதா தொண்ணூறு அதிகம் போகிறதா என்று கேட்டிருந்தாய். அதற்கு முந்தின கடிதத்தில் அட்டைப் பெட்டிக்குப் பதிலாகக் காகித உறையில் போட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். இவ்வளவு பெரிய இன்ஜினியர் ஆன பிறகும் பையன் வீட்டுத் தொழிலை மறக்கவில்லை என்று உன் அப்பன் ராசப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உன் விலாசமும் மாறியிருக்கிறது. முன்னே குவார்ட்டர்ஸ் என்று இருந்தது, இரண்டு வருஷமாக ஏதோ பஜார் சந்து, இரண்டாம் மாடி என்று இருக்கிறது. இன்ஜினியர்கள் பெருகிப்போய்க் கம்பெனிக்கு இடம் போதவில்லையாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் போகிற வழியில் நம்முடைய பம்பாய்ப் பார்ட்டியின் கடை எங்கே என்று விசாரித்து வை. தரகர் ராஜா முகமது பாய் மூலமாக இரண்டு வருஷமாக நம்மிடம் சரக்கு எடுக்கிறவர்கள். நல்ல பார்ட்டிதான். ஆனால் அங்கே எவனோ ஒருவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். என் கைபட்டுப் போன பீஸ் முப்பது வருஷத்தில் திரும்பி வந்ததில்லை என்பது உனக்கே தெரியும். போன தீபாவளிக்கு முன்னே அவன் ஒரு லாட்டுச் சரக்கு முழுவதையுமே திருப்பி அனுப்பினான். கழுத்துப் பட்டி இரண்டு சலவைக்கு மேல் தாங்காது என்று இங்கிலீஷில் டைப் அடித்து வந்தது. உன் அப்பன் அதைத் தமிழில் சொன்னபோது எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அவனைப் பார்த்தால், எங்கள் அப்பாயி உன்னைக் கேட்கச் சொன்னாள் என்று கேள்.

இனி அழுகைக்கு வருகிறேன்.

மயில்சாமிக்குக் காலேஜ் பாரம் வாங்கி வந்து ஒன்பது நாள் ஆகிறது. பேர், ஊர், தகப்பன் பேர் எல்லாம் எழுதியாகிவிட்டது. எந்தப் பாடம் என்ற இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். உன்னைப்போல் பி.இ. போடலாம் என்றால், இந்த மார்க்குக்கு அது எட்டாது என்று காலேஜ்காரர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். மற்றபடி ஏழு பாடம் இருக்கிறதாம். உன் அப்பனுக்கோ ஒரே பிடிவாதம். "படிச்சு முடிச்ச மறுநா வேலை கெடைக்கோணும், அந்த மாதிரி பாடமாப் பாத்து எழுதுங்கம்மா. இந்தப் பஞ்சுத் தூசி என்னோட போகட்டும்" என்கிறான். சொல்லிவிட்டுப் பத்து நிமிஷம் இருமுகிறான். நீ அவன் இருமலைக் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது. இப்போது அது நெஞ்சுக்குள்ளே நாடாத் தறி ஓடுவதைப்போல் கேட்கிறது. அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான், இந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. நூலோ துணியோ எது வாங்கினாலும் ஒரு சாம்பிள் எடுத்து, துவைத்து, காயவைத்து, நீளம் அகலம் அளந்து, நாலு பக்கமும் இழுத்துப் பார்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் லாட்டு எடுப்போம். முப்பது வருஷமாக இதுதான் நம் கம்பெனி வழக்கம். துணிக்கே இப்படி என்றால் மூன்று வருஷப் படிப்புக்குப் பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு பாடத்திலும் படித்து முடித்த ஒரு பையனை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போட்டு உட்காரவைத்துப் பார்த்துவிட்டால், எந்தப் பாடம் சாயம் போகும், எது போகாது என்று தெரிந்துவிடும். இதை உன் அப்பனிடம் சொன்னேன். அவன் நூல் கட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தான். "என்னமோ பண்ணுங்கம்மா" என்றான். அதை நான் உத்தரவு என்று எடுத்துக்கொண்டேன்.

முதல் சாம்பிளாகச் சாமளாபுரத்து வேலுமணியை வரச் சொல்லி அனுப்பினேன். அவன் அப்பன் தறி வைத்திருக்கிறவன், நமக்குப் பழக்கம். பையன் பி.காம். முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. புதன்கிழமை மத்தியானம் வந்தான். இஸ்திரி போட்ட பேன்ட், உள்ளே விட்ட சட்டை, தலையில் அவ்வளவு எண்ணெய், கக்கத்தில் ஒரு பைல். சோறு உண்ண வருகிறவன் பைல் எதற்குக் கொண்டுவருகிறான் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். இலை போட்டு, பருப்பு ஊற்றி, எதிரே உட்கார்ந்து இழுத்துப் பார்த்தேன். என்ன படித்தாய், எத்தனை மார்க்கு, காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய், கோபம் வருமா, தூசி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் கையை நீட்டி வைத்துக்கொண்டு பதில் சொன்னான். பிசைந்த சோறு பிசைந்தபடி இருந்தது. "இப்ப எங்க சாமி வேலையில இருக்கற?" என்று கேட்டேன். "எம்ப்ளாய்மென்ட் ஆபீசுல பதிஞ்சிருக்குதுங்க ஆத்தா" என்றான். அந்த ஆபீசிலேயே வேலை போல இருக்கிறது, சர்க்கார் உத்தியோகம், நல்ல பாடம்தான் என்று எண்ணி இன்னொரு கரண்டி நெய் விட்டேன். போகும்போது வாசலில் நின்று கும்பிட்டு, "எப்ப வந்து சேரட்டுங்க ஆத்தா?" என்றான். அடுத்த வேளைக்கும் சாப்பிட வருகிறேன் என்கிறானாக்கும், பாவம், வீட்டில் என்ன கஷ்டமோ என்று, "எப்ப வேணாலும் வா சாமி, இது உன்ற ஊடு" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு வார்த்தைதான் கண்ணு, என்னைக் கொன்றது.

அவன் நேரே பஸ் ஏறிப்போய், ராசப்பன் கம்பெனியில் டிகிரி படித்தவர்களை வேலைக்கு எடுக்கிறார்கள், முதலாளியின் அம்மாவே நேரில் கேள்வி கேட்கிறார்கள், முடிந்ததும் சாப்பாடு போடுகிறார்கள், எனக்கு வேலை ஆகிவிட்டது என்று சொல்லியிருக்கிறான். நான் வெள்ளிக்கிழமைக்குச் சொல்லி அனுப்பியிருந்தது சேவூரில் ஒரு கெமிஸ்ட்ரியும் அவிநாசியில் ஒரு எகனாமிக்ஸும் ஆக இரண்டே பேரைத்தான். இரண்டு பேருக்கு அவரைக்காய்ப் பொரியலும் பாயசமும் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து பார்க்கிறேன், பதின்மூன்று பேர் நிற்கிறார்கள்! சைக்கிளில் வந்தவன், பஸ்ஸில் வந்தவன், மாமனார் வண்டியில் வந்தவன், அத்தனை பேர் கக்கத்திலும் பைல். வெயிலில் சுவரோரம் வரிசையாக நிற்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. ஆளுக்கு ஆள் தலையைச் சீவிவிட்டுக்கொள்கிறார்கள். தையல் மேசைப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு ஜன்னலில் வந்து நின்றுகொண்டார்கள். மருதம்மாளுக்குக் கேட்க வேண்டுமா? "ஏனக்கா, ஊட்ல கல்யாணமா, இல்ல கலெக்டர் ஆபீசு இங்க மாறி வந்திருச்சா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டாள். "படிச்ச புள்ளைங்க விருந்துக்கு ஒறம்பரையா வந்திருக்காங்க, உங்கூட்டுக்கும் வரோணும்னா மொதல்ல ஒருத்தனைப் படிக்க வையி" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உலையில் இன்னும் நாலு படி போட்டேன். வெறும் ரோஷம்தான். அரிசி அதோடு தீர்ந்தது.

இதற்குள் உன் அப்பன் சாயப்பட்டறையிலிருந்து வந்துவிட்டான். கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கொல்லைப்பக்கமாகச் சுற்றி வந்து, "ஏம்மா, ஸ்ட்ரைக்கா? நம்முது எட்டு மெசின், ஆளு இத்தனை ஏது?" என்று என் காதில் கேட்டான். "ஸ்ட்ரைக்கு இல்லடா, சாம்பிளு" என்றேன். "ஒண்ணு ரெண்டு வந்தாத்தானம்மா சாம்பிளு, இது லாட்டாட்ட நிக்குது" என்று தலையில் கை வைத்துக்கொண்டு நூல் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். வேலை எதுவும் இல்லை என்று போய்ச் சொல்லடா என்றால், "நீங்க கூப்பிட்டீங்க, நீங்களே சொல்லுங்க" என்கிறான். நான் எப்படிச் சொல்வேன்? சோறு போட்டுவிட்டுச் சொல்லலாம் என்று இலை போட்டேன். உண்டு முடித்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்று மோர் கொடுத்தேன். மோர் குடித்தவர்களிடம் எப்படிச் சொல்வது என்று வெற்றிலை எடுத்து வைத்தேன். அதற்குமேல் கொடுக்க வீட்டில் ஒன்றும் இல்லாமல் போனபோது சொன்னேன். "சாமிகளா, தப்பா நெனைக்காதீங்க. வேலைக்கு இல்லீங்க. என்ற பேரன் எதைப் படிச்சா வேலை கெடைக்கும்னு உங்களைப் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னு கூப்பிட்டேன்."

அவர்கள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. ஒருவரும் திட்டவில்லை. பிறகு அந்தச் சேவூர்க் கெமிஸ்ட்ரி, "ஏனுங்க ஆத்தா, கெமிஸ்ட்ரி மட்டும் வேண்டாமுங்க" என்றான். அவிநாசி எகனாமிக்ஸ், "கெமிஸ்ட்ரியாவது பரவால்லீங்க, எகனாமிக்ஸ் படிச்சவனுக்குப் பொண்ணே தரமாட்டீங்கறாங்க" என்றான். கணக்குப் படித்தவன், "நான் மூணு வருசமா எழுதுன அப்ளிகேசனு நானூத்திப் பதினொண்ணு. படிப்பு அதை எண்ணத்தான் ஆச்சுங்க" என்றான். சரித்திரம் படித்தவன் சிரித்துக்கொண்டே இன்னொரு அப்பளம் கேட்டான். பிறகு ஒருவருக்கொருவர் பேச ஆரம்பித்து, உன் பாடம் மோசமா என் பாடம் மோசமா என்று பந்தயம் மாதிரி ஆகிவிட்டது. ஒவ்வொருவனும் அடுத்தவன் பாடத்தை மயில்சாமிக்குச் சிபாரிசு செய்கிறான்! அந்த எகனாமிக்ஸ் கையைக் கழுவிக்கொண்டு நேரே மடிக்கிற மேசைக்குப் போய், "எந்த வேலைன்னாலும் சரிங்க ஆத்தா, இதுகூடச் செய்வேன்" என்று பனியனை எடுத்து மடித்துக் காட்டினான். தோள் ஒரு பக்கம், அடி ஒரு பக்கம். அவன் போன பிறகு பிரித்து மடித்துக்கொண்டேன். பிரிக்கும்போது கண்ணில் தூசி விழுந்துவிட்டது.

கடைசியில் ஒருவன் இருந்தான். குமாரசாமி என்று பேர், அவிநாசி, பி.இ. படித்தவன். அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. உன் போட்டோவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இது என்ற பெரிய பேரன். உன்னையாட்டவே பி.இ. பம்பாயில இருக்கறான்" என்றேன். அவன் போட்டோவையே வெகுநேரம் பார்த்தான். "தெரியுமுங்க. காலேஜுல எனக்கு ஒரு வருசம் சீனியருங்க" என்றான். பிறகு, "நல்லா இருக்காருங்களா ஆத்தா?" என்று கேட்டான். பெரிய மெஷின் கம்பெனி, கீழே இத்தனை ஆள், கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும் என்று நான் எனக்குத் தெரிந்ததும் தெரியாததும் எல்லாம் சொன்னேன். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "நல்லா இருக்கட்டுங்க" என்று மட்டும் சொன்னான். பாயசத்தைத் தொடவில்லை. உனக்குக் கிடைத்தது அவனுக்குக் கிடைக்கவில்லையே என்ற வருத்தம் போல இருக்கிறது. யாருக்குத்தான் இருக்காது?

ஆக, பதினாலு சாம்பிள் பார்த்தாகிவிட்டது. ஒன்றுகூட எடுக்கும்படி இல்லை. பையன்களைக் குற்றம் சொல்லவில்லை கண்ணு. ஒவ்வொருவனும் நல்ல நூல், நல்ல நெசவு, வெளிச்சத்தில் பிடித்தால் ஓட்டை ஒன்று இல்லை. வாங்குகிற பார்ட்டிதான் இல்லை. உன் அப்பன் அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை, இருமுகிறான். பாரம் முருகன் படத்துக்குக் கீழே இருக்கிறது, அந்த இடம் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. மயில்சாமி என்னமோ அன்றைக்கு எல்லாருக்கும் தண்ணீர் ஊற்றினான், இலை எடுத்தான், சாயங்காலம் மாடிக்குப் போய்விட்டான். அவனுக்குக் கவலை என்பதே இல்லை. எங்கே போனாலும் ஏதாவது ஒரு இலையையோ பூவையோ பறித்து வந்து என் பஞ்சாங்கத்துக்குள் வைத்து அமுக்குகிறான். நேற்று நல்ல நேரம் பார்க்கப் பிரித்தால் ராகுகாலத்தின்மேல் ஆவாரம்பூ ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

நம் வம்சத்தில் படித்துக் கரையேறினவன் நீ ஒருவன்தான். உனக்குத்தான் உலகம் தெரியும். எந்தப் பாடம் என்று யோசித்து, இந்தக் கடிதம் கண்டவுடன் தந்தி கொடு. பாடத்தின் பேர் மட்டும் போதும், சுகமா என்றெல்லாம் கேட்க வேண்டாம். நீ சொல்வதை அப்படியே எழுதிவிடுகிறோம். வேளாவேளைக்கு உண்டு, மழையில் நனையாமல், மேலதிகாரிகள் மெச்சும்படி உத்தியோகம் பார்த்து, முருகன் அருளால் இன்னும் பெரிய நாற்காலியில் உட்காருவாயாக.

இப்படிக்கு உன் அப்பாயி,
குப்பாயி.

பின்குறிப்பு, திங்கட்கிழமை காலை:

மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடலாம் என்று பார்த்தேன். ஒன்பது பக்கம் எழுதியிருக்கிறேன், மனசு வரவில்லை. நீ படித்ததாகவும் வேண்டாம், படிக்காததாகவும் வேண்டாம்.

கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் யாருக்காவது ஒருமுறை படித்துக் காட்டுவது என் வழக்கம். இன்றைக்குச் சரக்கு எடுக்க ராஜா முகமது பாய் வந்தார். மோர் கொடுத்து உட்காரவைத்துப் படித்தேன். பம்பாய்ப் பார்ட்டியிடம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறவனைப் பற்றிய இடத்தில் அவருக்குப் புரை ஏறியது. குமாரசாமி பாயசம் தொடாத இடத்தில், "ஆத்தா, போதும், நிறுத்துங்க" என்றார். "ஏன் பாய், தப்பா எழுதியிருக்கனா?" என்று கேட்டேன். "எழுத்தெல்லாம் சரிதாங்க. இன்ஜினியர் உத்தியோகம்னு மேல போட்டிருக்கீங்களே, அதுதான் ரெண்டு வருசப் பழசுங்க" என்றார். பிறகு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

அறுபத்தேழிலேயே உன் கம்பெனி தொண்ணூறு பேரை அனுப்பிவிட்டதாம், அதில் நீயும் ஒருவனாம். அஞ்சு மாசம் அந்த ஊரில் நடையாய் நடந்தாயாம். வீட்டுக்குத் திரும்பிவிடலாம் என்று கிளம்பிய அன்றைக்குப் பஜாரில் பாயைப் பார்த்துப் பேசிக்கொண்டு நிற்கும்போது, நம் பம்பாய்ப் பார்ட்டியான கடைக்காரர் கையில் இருந்த எவருடைய பனியனையோ வாங்கித் திருப்பிப் பார்த்து, இந்தக் கழுத்துத் தையல் ஒரு மாசம் தாங்காது என்றாயாம். கடைக்காரர் இழுத்தாராம், பிரிந்ததாம். "டிகிரியப் பாத்து எடுக்கலீங்க ஆத்தா. தம்பி பனியனைத் திருப்புன கையப் பாத்து அப்பவே உக்கார வெச்சுக்கிட்டாரு" என்றார் பாய். "உங்க மேசைக்கு அடியில உக்காந்துதான் பள்ளிக்கூடப் பாடம் படிப்பாராமே, அங்க பழகுனதுன்னு சொன்னாரு." ஊருக்குச் சொல்லக் கூடாது என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாயாம். அவரும் ரம்ஜான் இரண்டு, தீபாவளி இரண்டு வாயைத் திறக்காமல் என் கையால் மோர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

ஆக, நம் லாட்டைத் திருப்பி அனுப்பியது நீ!

கண்ணு, முதலில் அழுதேன். பிறகு எழுந்துபோய்த் தீபாவளிக்குத் திரும்பி வந்த மூட்டையில் மீதி இருந்த ஒரு பீஸை எடுத்து நனைத்து, பிழிந்து, கழுத்தை இழுத்துப் பார்த்தேன். நீ எழுதியது சரிதான். பட்டி இளகித்தான் போகிறது. முப்பது வருஷத்தில் என் கண்ணுக்குத் தப்பியதைப் பம்பாயில் உட்கார்ந்து ஒருவன் பிடித்தான் என்றால் அவன் என் பேரனாகத்தான் இருக்க வேண்டும், இது எனக்கு அப்போதே தோன்றாமல் போய்விட்டது. உன் அப்பனுக்கு நான் சொல்லவில்லை, நீயே எழுது. இரண்டு நாள் அழுவான். மூன்றாம் நாள், சொந்தக்காரன் கடை, சரக்கைத் திருப்பக் கூடாது என்பான். அதற்கு மட்டும் நீ இடம் கொடுக்காதே.

பாய் போன பிறகு மயில்சாமியைக் கூப்பிட்டேன். பாரம் வந்து பத்து நாள் ஆகிறது, பதினாலு பேரைக் கேட்டோம், அவனை ஒருவரும் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஏங்கண்ணு, நீ என்ன படிக்கோணும்?" என்றேன். "என்னையவா கேக்கறீங்க அப்பாயி?" என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். பிறகு, "தாவரவியலுங்க. செடி, கொடி, மரம்" என்றான். "அதுல என்ன வேலை கெடைக்கும்?" என்றேன். "தெரியலீங்க அப்பாயி" என்றான். இத்தனை நாளில் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்ட முதல் ஆள் அவன்தான். எழுது என்று பாரத்தை எடுத்துக் கொடுத்தேன். எழுதிவிட்டான். ஆகையால் தந்தி கொடுக்க வேண்டாம். அவன் காலேஜ் இல்லாத நாளில் மேசையில் வந்து உட்கார்ந்து என்னோடு பீஸ் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். படிப்பு சாயம் போனாலும் கை இருக்கட்டும். அந்தக் குமாரசாமியையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். எல்லாம் தெரிந்தும் என் முகத்துக்காக வாயைத் திறக்காமல் போனவன். இந்தத் தடவை பாயசம் உண்ணாமல் விடமாட்டேன். பிறகு அவன் கையில் ஒரு பனியனைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், திருப்பிப் பார்ப்பானா என்று.

கடைசியாக ஒன்று. கவுன் போட்டோவைக் கழற்றப் போவதில்லை, அதுவும் நீதான். ஆனால் பழைய சாம்பிளைக் காட்டிப் புது லாட்டு விற்பது நம் கம்பெனி வழக்கம் இல்லை. அதற்குப் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துவிட்டேன், சுவர் காலியாக இருக்கிறது. அதனால் உடனே புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கவுன் வேண்டாம், கோட்டு வேண்டாம். கடையில், பனியன் அடுக்குக்கு முன்னால், கையில் அளவு நாடாவோடு, நீ இருக்கிறபடியே நில். நம் பனியனையே போட்டுக்கொள், எண்பத்தைந்து சைஸ், இளைத்திருந்தால் எண்பது. போட்டோவைத் தபாலிலேயே போடு. ராஜா முகமது பாயிடம் கொடுத்தனுப்பாதே. அவர் எதையும் இரண்டு வருஷம் பத்திரமாக வைத்துக்கொள்வார்.